சான்றிதழ் முதல் சீருடை வரை: வெளிநாட்டுச் செவிலியர் பணி – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்வது பற்றி ஒரு வாசகிக்கு நான்கைந்து வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்து குவிந்த கடிதங்களைப் படித்தபோது, அந்த நான்கைந்து வரிகள் யாருக்கும் போதவில்லை என்பது தெரிந்தது. எனவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். 1996 முதல் சவூதி அரேபியாவிலும், 2003 முதல் இங்கிலாந்திலும் வார்டில் நின்று வேலை பார்த்தவள் என்ற உரிமையில், சில இடங்களில் சற்றுக் கண்டிப்பாகவும் எழுதியிருக்கிறேன். வேலை பார்க்கும் இடத்தில் யாருக்கும் சங்கடம் நேரக் கூடாது என்பதால் கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

சிஸ்டர், நான் 2021இல் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாண்டுகளாகப் பணிபுரிகிறேன். இங்கிலாந்து செல்ல விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. எவ்வளவு பணம் ஆகும்?
– வாசகி, திண்டுக்கல்

முதலில் வீட்டு பீரோவைத் திறந்து சான்றிதழ்க் கோப்பை வெளியே எடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் பதிவுச் சான்று, பணி அனுபவச் சான்று, பாஸ்போர்ட் ஆகிய ஐந்தையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தெழுத்தாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பில் சேருவதற்கும் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம் தமிழ்நாட்டுப் பெயர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலையெழுத்து மட்டுமே உண்டு. சு. கலைச்செல்வி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அது ‘சுப்பிரமணியன்’ என்று விரிந்து குடும்பப் பெயருக்கான கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அங்கே கணவர் பெயர் வந்திருக்கும். இது போதாதென்று, ‘செல்வி’ என்பதன் முதல் ஓசைக்குப் பள்ளியில் ‘எஸ்’ என்றும், கல்லூரியில் ‘சிஹெச்’ என்றும் எழுதியிருப்பார்கள். நமக்கு இவை யாவும் ஒரே கலைச்செல்விதான். லண்டனில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு இவர்கள் மூன்று பெண்கள். பல நாட்டு விண்ணப்பங்களுக்கு உதவிய என் அனுபவத்தில், தேர்வில் தோற்றுக் காலத்தை இழந்தவர்களைவிடப் பெயரில் சிக்கிக் காலத்தை இழந்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

வேறுபாடு இருந்தால், பள்ளி, கல்லூரிச் சான்றுகளை மாற்றுவது பெரும்பாடு என்பதால், பாஸ்போர்ட்டை அவற்றுக்கு ஏற்பத் திருத்தி மறுவெளியீடு பெறுவதே பெரும்பாலும் எளிய வழி. திருமணத்தால் வந்த மாற்றம் என்றால் திருமணச் சான்று துணை நிற்கும். பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழ் அறிவிப்பின் பிரதியையும் கோப்பில் சேர்க்க வேண்டும். சான்றுகளும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போன பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செவிலியரைப் பதிவு செய்யும் அமைப்பு, நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். சுருக்கமாக என்எம்சி என்பார்கள். நம் நாட்டில் மருத்துவர்களுக்கான தேசிய ஆணையத்துக்கும் இதே சுருக்கப்பெயர் இருப்பதால் குழம்ப வேண்டாம். இதன் இணையதளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம். இடையில் ஒருவர் தேவையில்லை. நீங்கள் இந்தியாவில் பதிவு பெற்றவர், உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்பதை நம் மாநிலக் கவுன்சில் நேரடியாக அவர்களுக்கு உறுதிப்படுத்த வேண்டும். அந்தக் கடிதம் கவுன்சிலிலிருந்து கவுன்சிலுக்குப் போவது. உங்கள் கையிலோ ஏஜெண்டு கையிலோ வந்து போவதல்ல. கர்நாடகத்தில் படித்து அங்கே முதலில் பதிவு செய்தவர்கள் அந்த மாநிலக் கவுன்சிலையும் அணுக வேண்டியிருக்கும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இன்றே புதுப்பியுங்கள்.

ஆங்கிலத் தேர்வு அடுத்தது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதினால் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 பெற வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வு எழுதினால் அந்த மூன்றிலும் ‘பி’, எழுதுதலில் ‘சி பிளஸ்’. என் கருத்து, வார்டில் மூன்றாண்டு நின்றவருக்கு ஓஇடியே பொருத்தம். நோயாளியை வேறு பிரிவுக்கு மாற்றும்போது எழுதும் கடிதமும், நோயாளியிடம் பேசும் உரையாடலும்தான் அதில் கேள்விகளாக வருகின்றன. “நான் படித்ததே ஆங்கிலத்தில்தானே, எனக்கு ஏன் தேர்வு?” என்று பலர் கேட்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்திருக்கலாம்; ஆனால் “வலி எங்கே இருக்கிறது பாட்டி?” என்று நாம் தமிழில்தானே கேட்டோம்? நோயாளிகளோடு பேசிய மொழியையும் அவர்கள் கணக்கில் எடுப்பதால், நம்மில் பெரும்பாலோருக்குத் தேர்வு எழுதுவதே வழி.

பிறகு சிபிடி எனப்படும் கணினித் தேர்வு. இதில் மருந்துக் கணக்குகள் 15 கேள்விகள், அரை மணி நேரம். செவிலியர் பணி சார்ந்தவை 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம். இதை இந்தியாவிலேயே எழுதலாம். இதில் தேறி, வேலை கிடைத்து, விசாவில் அங்கே போன பிறகு ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் ‘பின்’ எனப்படும் பதிவு எண் வரும். அதுவரை நீங்கள் அங்கே முழுமையான செவிலியர் அல்லர். சம்பளமும் ஒரு படி கீழேதான் இருக்கும்.

இனிச் செலவு. 2025இல் நடப்பில் இருந்த கட்டணப்படி, தகுதிச் சரிபார்ப்புக்கு 140 பவுன், சிபிடிக்கு 83, ஆஸ்கிக்கு 794, பதிவுக்கு 153. ஆக மொத்தம் 1,170 பவுன். இதற்கு மேல் ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், காவல் துறைச் சான்று, விசா, பயணம் ஆகியவை. நல்ல மருத்துவமனை நிர்வாகம் இவற்றில் பெரும்பகுதியைத் தானே ஏற்கும், அல்லது நீங்கள் சேர்ந்த பின் திருப்பித் தரும். செவிலியருக்கான சுகாதார, பராமரிப்புப் பணி விசாவில் போகிறவர்களுக்கு அந்நாட்டின் மருத்துவக் கூடுதல் கட்டணம் கிடையாது என்பது பெரிய சேமிப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021, 2022ஆம் ஆண்டுகளில் பிரிட்டன் மருத்துவமனைகள் நம் ஊர்ச் செவிலியரைத் தேடித் தேடி எடுத்தன. அந்த வேகம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. கொரோனா காலத்தில் போன அக்காவின் கதையை வைத்து உங்கள் நாட்களைக் கணக்கிடாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாண்டு என்பது உங்களுக்கு நல்ல பலம்தான். ஆனால் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டாண்டுகளுக்கே செல்லும் என்பதால், மதிப்பெண் கையில் வந்தவுடன் வேலைக்கான விண்ணப்பங்களைத் தொடங்கிவிடுங்கள். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளின் காலியிடங்கள் என்ஹெச்எஸ் ஜாப்ஸ் என்ற இணையதளத்தில் வெளிப்படையாக வெளியிடப்படுகின்றன. பதிவு பெற்ற செவிலியருக்கான ‘பேண்ட் 5’ சம்பளம் 2025–26இல் ஆண்டுக்கு 31,049 பவுனில் தொடங்கியது. இதைவிடக் குறைவான தொகையைச் செவிலியர் சம்பளம் என்று அரசு மருத்துவமனையின் பெயரில் யாராவது சொன்னால் நின்று விசாரியுங்கள்.

ஐயா/அம்மா, என் மகள் நர்சிங் முடித்து ஓராண்டு ஆகிறது. சென்னையில் உள்ள ஓர் ஏஜென்சி லண்டனில் வேலை வாங்கித் தர நான்கு லட்சம் கேட்கிறது. முதல் தவணையாக ஒரு லட்சமும், ஒரிஜினல் சான்றிதழ்களும் உடனே கொடுக்க வேண்டுமாம். முதலில் ‘கேர் அசிஸ்டண்ட்’ ஆகப் போய் பிறகு நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார்கள். நிலத்தை அடகு வைக்கலாமா?
– ஒரு தந்தை, புதுக்கோட்டை

வைக்காதீர்கள், ஐயா. 

இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற முகவர், வேலை தேடித் தரும் சேவைக்காக ஒருவரிடம் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. நான்கு லட்சம் கேட்பவர் அந்த வரம்பை அறியாதவர் அல்லர். நீங்கள் அறிய மாட்டீர்கள் என்று நம்புகிறவர். பிரிட்டன் அரசின் வெளிநாட்டு ஆள்சேர்ப்பு நெறிமுறையோ இன்னும் ஒரு படி மேலே போய், வேலை தேடுபவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது. முகவருக்குப் பணம் தர வேண்டியது ஆள் எடுக்கும் மருத்துவமனை. அந்த ஏஜென்சியின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா, செயல்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைத் தரத் தயங்கினால் அதுவே பதில்.

‘கேர் அசிஸ்டண்ட்’ வழி இப்போது அடைபட்டுவிட்டது. பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் பிரிட்டன் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, 2024 மார்ச் 11 முதல், அந்த வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்றும் ஆக்கியிருந்தார்கள். இன்றைக்கும் அந்த வேலையைக் காட்டிப் பணம் கேட்கிறார்கள் என்றால், இல்லாத ஒன்றை உங்களிடம் விற்கிறார்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். 1995இல் நான் முதன்முதலில் வெளிநாடு போக முயன்றபோது, ஒரு முகவர் என் மதிப்பெண் பட்டியல்களையும் பதிவுச் சான்றையும் ‘சரிபார்ப்புக்காக’ என்று வாங்கி வைத்துக்கொண்டார். அந்த வேலை அமையவில்லை. வேறு ஓர் இடத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது காட்டுவதற்கு என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. என் அப்பா பதினொரு மாதங்கள், மாதம் ஒருமுறை இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போய், அந்த அலுவலக வாசலில் காலை ஒன்பது மணிக்கு நிற்பார். மாலை வரை உட்கார வைத்துவிட்டு, “அடுத்த வாரம் வாங்க பெரியவரே” என்று அனுப்புவார்கள். கடைசியில் பணம் கொடுத்தே மீட்டோம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த வாசல் படி என் கண்ணில் நின்றது. எந்த நாட்டுக் கவுன்சிலும் ஒரிஜினல் சான்றிதழை முகவரிடம் கொடுத்து வைக்கச் சொல்வதில்லை. தெளிவாக ஸ்கேன் செய்த பிரதிகள் போதும். நேரில் காட்ட வேண்டியிருந்தால் மகளே கொண்டுபோய்க் காட்டி, அன்றே கையோடு எடுத்து வரட்டும்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. செவிலியருக்கான பணியிடங்களை அவ்வப்போது அறிவிக்கிறார்கள். மகளின் பெயரை முதலில் அங்கே பதிவு செய்யுங்கள். அதோடு, ஓராண்டு அனுபவம் என்பது குறைவு. இன்னும் ஓராண்டாவது அவர் ஒரே மருத்துவமனையில், ஒரே பிரிவில் நின்று வேலை கற்றுக்கொள்ளட்டும். அந்த ஓராண்டில் ஆங்கிலத் தேர்வுக்கும் படித்துவிடலாம். நிலம் நிலமாகவே இருக்கட்டும்.

நான் டிஜிஎன்எம் டிப்ளமா மட்டுமே படித்தவள். பட்டப்படிப்பு இல்லாதவர்களை வெளிநாட்டில் ஏற்பார்களா? குழந்தைகளுக்காக ஆறு ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன்.
– வாசகி, நாகர்கோவில்

டிப்ளமா ஒரு தடையே இல்லை. பிரிட்டனின் என்எம்சி, நீங்கள் படித்த படிப்பு உங்கள் நாட்டில் செவிலியராகப் பதிவு பெற வழிசெய்ததா என்பதைத்தான் பார்க்கிறது. ஜெர்மனியிலும் டிப்ளமாக்காரர்கள் விண்ணப்பிக்கிறார்கள்.

உங்களுக்குள்ள தடை அந்த ஆறு ஆண்டுகள்தான். வளைகுடா நாடுகளாகட்டும், ஐரோப்பாவாகட்டும், ஆள் எடுப்பவர்கள் அண்மைய அனுபவத்தைக் கேட்பார்கள். எனவே உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரியுங்கள். தொடக்கத்தில் கை தயங்கும். புதிய இன்ஃப்யூஷன் பம்ப்பைப் பார்த்தால் உங்களைவிட இளைய பெண்ணிடம் கேட்க வேண்டியிருக்கும். கேளுங்கள் தங்கை, வெட்கப்படாதீர்கள். சேரும் நாளிலேயே பணி நியமன ஆணையை எழுத்தில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நம் ஊர்ச் சிறு மருத்துவமனைகளில் அதைக் கொடுக்காமலே வேலை வாங்கிவிடுவார்கள். பின்னாளில் அனுபவத்தை நிரூபிக்கும்போது அந்த ஆணையும் சம்பளச் சீட்டுகளும் வங்கிக் கணக்கு விவரமும்தான் பேசும்.

சிஸ்டர், எனக்கு ஓராண்டு மூன்று மாத அனுபவம் இருக்கிறது. வளைகுடா வேலைக்கு இரண்டாண்டு வேண்டும் என்பதால், மீதி மாதங்களுக்கு ஒரு மருத்துவமனையின் சான்று ‘ஏற்பாடு’ செய்து தருவதாகவும், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். உடன் படித்த இருவர் அப்படிப் போயிருக்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

இரண்டுமே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

வளைகுடா நாடுகளில் செவிலியர் உரிமம் பெற டேட்டாஃப்ளோ என்னும் சரிபார்ப்பு உண்டு. உங்கள் சான்றிதழ்களை அவர்கள் உங்களிடமிருந்து வாங்கிப் பார்த்துத் திருப்தி அடைவதில்லை, சான்றைக் கொடுத்த கல்லூரி, கவுன்சில், மருத்துவமனை ஆகியவற்றுக்கு நேரே எழுதி, “இவர் உங்களிடம் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்தப் பதவியில் இருந்தாரா?” என்று கேட்கிறார்கள். மனிதவளப் பிரிவில் இருப்பவர் “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டால், அறிக்கை உங்களுக்கு எதிராக முடியும். அது அந்த ஒரு விண்ணப்பத்தோடு போவதில்லை; அடுத்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் தொடர்ந்து வரக்கூடியது. உங்கள் ஓராண்டு மூன்று மாதம் உண்மையான உழைப்பு. ஒன்பது மாதப் பொய்யை அதன்மேல் ஒட்டி அந்த உண்மையையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் ஒன்பது மாதம் வேலை பார்த்தால் அந்த இரண்டாண்டு உங்களுடையதாகவே இருக்கும்.

விசிட் விசா விஷயம் இதைவிட ஆபத்து. சவூதி, குவைத், கத்தார், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்கள், பட்டப்படிப்பு படித்தவர்களாக இருந்தாலும், குடிபெயர்வு அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு உத்தரவிட்டது. செவிலியரிடம் முகவர்கள் பல லட்சம் பறித்த புகார்கள் குவிந்த பின் வந்த உத்தரவு அது. அந்த அனுமதி இருந்தால் உங்கள் வேலை ஒப்பந்தம் அரசின் பதிவில் இருக்கும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடும் சேர்ந்து வரும். இரண்டாண்டுக்கு 275 ரூபாய் செலுத்தினால் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. விசிட் விசாவில் போகிறவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. 2014இல் இராக்கின் திக்ரித் நகரில் போரின் நடுவே 46 இந்தியச் செவிலியர்கள் சிக்கி, அரசு முயன்று மீட்டு வந்தது உங்கள் நினைவில் இருக்கலாம். ஓர் இடரில் நம்மைத் தேட வேண்டுமானால், நாம் எங்கே இருக்கிறோம் என்பது முதலில் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

முறையாகப் போவதென்றால், டேட்டாஃப்ளோ, பிராமெட்ரிக் போன்ற கணினித் தேர்வு, பின்னர் உரிமத் தகுதி என்பதே பொதுவான வரிசை. துபாய்க்குத் துபாய் சுகாதார ஆணையம், அபுதாபிக்கு அந்நகரின் சுகாதாரத் துறை, சவூதிக்கு அதன் சுகாதாரச் சிறப்புத் துறைகள் ஆணையம் என்று உரிமம் தருபவர்கள் வேறுபடுவார்கள். உடன் படித்த இருவரும் நலமாக இருக்கட்டும். அவர்களுடைய உரிமம் எந்தப் பதவிக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மனியில் செவிலியருக்குப் பெரும் தேவை என்கிறார்கள். நான் ஆண் செவிலியர், வயது 27. மொழி கற்க எவ்வளவு காலம் ஆகும்? போனவுடன் செவிலியராகவே சேர்ந்துவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

தேவை இருப்பது உண்மை. இந்தியர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் திறன்பணி விசாக்களின் எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. ஆனால் அந்த நாட்டுக்கான கதவு ஜெர்மன் மொழிதான். அதில் குறுக்குவழி எதுவும் கிடையாது. ஏ1, ஏ2, பி1, பி2 என்று நிலைகள் உண்டு. பெரும்பாலோர் பி1 முடித்து விசா பெற்றுப் போகிறார்கள். முழுச் செவிலியர் உரிமத்துக்குப் பொதுவாக பி2 வேண்டும். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிப்பவர்கள் பி1ஐ எட்டுவதற்கே எட்டு, ஒன்பது மாதங்கள் ஆவதைப் பார்த்திருக்கிறேன். நைட் டியூட்டி முடித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்து தூங்கி விழுந்தால் அதற்கு இரு மடங்கு ஆகும். சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் என்று அழைக்கப்படும் கோத்தே நிறுவனத்தின் தேர்வுச் சான்றுக்கு எங்கும் மதிப்பு உண்டு.

போனவுடன் செவிலியராகச் சேர முடியாது. ஜெர்மனியின் 16 மாநிலங்களில் நீங்கள் போகும் மாநிலத்தின் அலுவலகம், நீங்கள் இங்கே படித்த பாடங்களையும் மணிக்கணக்கையும் அவர்களுடைய படிப்போடு ஒப்பிட்டு, எதில் குறை இருக்கிறது என்று ஒரு முடிவை அனுப்பும். அதற்காகத்தான் கல்லூரியிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேர வார்டுப் பயிற்சி என்ற விவரத்தை முத்திரையோடு வாங்கி வைக்கச் சொல்கிறேன். அந்தக் குறையை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு: சில மாதங்கள் நீளும் தகவமைப்புப் பயிற்சி, அல்லது அறிவுத் தேர்வு. அதுவரை நீங்கள் உதவிச் செவிலியர். பிறகு கையில் வரும் பத்திரத்தை ‘உர்குண்டே’ என்பார்கள். அந்த நாளை நம் பிள்ளைகள் பிறந்தநாள்போலக் கொண்டாடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மலசலம் துடைப்பது, ஊட்டுவது எல்லாம் செவிலியரின் வேலை. நம் ஊரில் இவற்றை ஆயாம்மாவும் நோயாளியின் உறவினரும் செய்துவிடுவதால், நாம் ஊசி, மருந்து, கேஸ் ஷீட் என்று பழகிவிட்டோம். முதல் மாதத்தில் காலை ஆறரை மணிக்கு ஒரு முதியவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, முகம் கழுவிவிட்டு, செயற்கைப் பல்லைக் கழுவி மாட்டிவிடும்போது, “இதற்கா நான் பட்டம் படித்தேன்?” என்று அழுத பிள்ளைகள் உண்டு. மூன்றாவது மாதத்தில் அதே பிள்ளைகள், அப்படிக் குளிப்பாட்டும்போதுதான் புட்டத்தில் தோல் சிவந்திருப்பதைப் பார்த்தேன், படுக்கைப் புண் வராமல் தடுத்தேன் என்று பெருமையாக எழுதினார்கள். இந்த வேலையை மனமொப்பிச் செய்ய முடியுமா என்று மொழி வகுப்பில் சேருமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதியோர் பராமரிப்பில் தகுதி பெற்ற செவிலியருக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலையில் மணிக்கு 20.50 யூரோவாக உயர்த்தப்பட்டது. ‘நியாயமான ஆள்சேர்ப்பு’ என்ற தர முத்திரையை ஜெர்மன் அரசு நிறுவியிருக்கிறது. அந்த முத்திரை பெற்றவர்கள் செவிலியரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. முத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதினால் அமெரிக்காவுக்கு உடனே போய்விடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். நன்றாகப் படித்தால் தேறவும் செய்யலாம். ஆனால் செவிலியர் போகும் இபி-3 வகைக் குடியேற்ற விசாவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பல ஆண்டுகள் நீள்கிறது. ‘உடனே’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே என்கிளெக்ஸ், ஆஸ்திரேலியாவுக்கும் பயன்படுகிறது. இந்தியாவிலிருந்து நேரே விண்ணப்பிப்பவர்கள் இதில் தேறிய பிறகு அடிலெய்டு நகரில் செய்முறைத் தேர்வு எழுத வேண்டும்.

நான் தஞ்சாவூர்க்காரி. சிங்கப்பூரில் நான்கு ஆண்டுகளாகப் பதிவு பெற்ற செவிலியர். ஆஸ்திரேலியா போக எனக்கும் அந்த இரண்டு தேர்வுகளும் உண்டா?
– வாசகி, சிங்கப்பூர்

உங்களுக்கு நல்ல செய்தி. 2025 ஏப்ரல் முதல் ஆஸ்திரேலியா ஒரு விரைவுப் பாதையைத் திறந்திருக்கிறது. சிங்கப்பூர், பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, ஸ்பெயின், கனடாவின் இரண்டு மாகாணங்கள் ஆகிய இடங்களில் பதிவு பெற்று, 2017 முதல் குறைந்தது 1,800 மணி நேரம் அங்கே பணிபுரிந்தவர்கள் அதில் விண்ணப்பிக்கலாம். முழுநேர வேலையில் அது ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு என்பதால், உங்கள் நான்கு ஆண்டுகள் தாராளமாகப் போதும். சிங்கப்பூர்ச் செவிலியர் வாரியத்தின் நற்சான்றையும், பணிபுரிந்த மணிக்கணக்கைத் தெளிவாகக் குறிப்பிடும் வேலைச் சான்றையும் இப்போதே கேட்டு வையுங்கள். வேலையை விட்ட பின் கேட்டால் தாமதமாகும்.

சிஸ்டர், நான் இங்கிலாந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்கியில் மூன்று ஸ்டேஷன்களில் (செய்முறைக் கட்டங்களில்) தவறிவிட்டேன். ஒன்பது ஆண்டு அனுபவம் உள்ள எனக்கு இது பெரிய அவமானமாக இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வேலை போய்விடுமா?
– வாசகி, லீட்ஸ்

முதலில் வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

இதனால் உடனே வேலை போய்விடாது. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முறை வரை ஆஸ்கி எழுதலாம். நீங்கள் தவறியது மூன்றில் மட்டும் என்பதால், அந்த மூன்றை மட்டும் மறுபடி எழுதினால் போதும்; கட்டணமும் பாதி, 397 பவுன்தான். பணியில் சேர்ந்து எட்டு மாதங்களுக்குள் பதிவு பெற வேண்டும் என்ற விசா விதி ஒன்று உண்டு. உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மருத்துவமனையின் கல்விப் பிரிவில் இருக்கும் பயிற்றுநரிடம் இன்றே நாள் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் வேலையை விட்டால் மருத்துவமனை உங்களுக்காகச் செலவிட்ட ‘பணத்தைத் திருப்பித் தரும்’ விதி ஒப்பந்தத்தில் இருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள். அந்தத் தொகை நாளாக ஆகக் குறைந்துகொண்டே வருவதாக இருக்க வேண்டும். புரியாத இடத்தைத் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் காட்டலாம். செவிலியர்களுக்கான ஆர்சிஎன், பொதுச் சேவைப் பணியாளர்களுக்கான யூனிசன் போன்ற சங்கங்களில் வெளிநாட்டுச் செவிலியரும் சேரலாம்.

இனி அந்த மூன்று ஸ்டேஷன்கள். பத்து ஸ்டேஷன்களில் எவை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அனுபவசாலிகள் எங்கே தவறுகிறார்கள் என்பதை நான் அறிவேன். நம் வார்டில் “பன்னிரண்டாம் பெட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டாச்சா?” என்றுதான் பேசுவோம். நோயாளியின் முகமும் பெட் எண்ணும் நமக்கு மனப்பாடம். அங்கே மருந்தட்டையைக் கையில் எடுத்தவுடன், “உங்கள் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்ல முடியுமா?” என்று கேட்டு, அதை மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டு, “எந்த மருந்தாவது உங்களுக்கு ஒவ்வாமையா?” என்று கேட்ட பிறகுதான் கை மருந்தின் பக்கம் போக வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் பல்லாயிரம் ஊசி போட்ட கை, அந்த ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடும். உங்களுக்குத் தெரியாமல் இல்லை. வாயால் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். 2003இல் நான் அங்கே போனபோது ஆஸ்கி கிடையாது. ஒரு முதியோர் இல்லத்தில் மாதக்கணக்கில் ஒருவர் மேற்பார்வையில் வேலை பார்த்துப் பதிவு பெற்றோம். அங்கே எனக்கு மேலே இருந்த சிஸ்டர் முதல் வாரத்திலேயே, “நீ மனதுக்குள் சரிபார்க்கிறாய், எனக்குக் கேட்கவில்லை” என்றார். ஆஸ்கியில் தேர்வாளரும் அதையே எதிர்பார்க்கிறார். கை கழுவும்போது “கை கழுவுகிறேன்” என்பதையும், காலாவதித் தேதியைப் பார்க்கும்போது அந்தத் தேதியையும் அவர் காதில் விழும்படிச் சொல்ல வேண்டும்.

நோயாளியின் நாடித்துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் முதலியவற்றை எண்களாகக் கூட்டும் நியூஸ்2 அட்டையிலும் பலர் சறுக்குவார்கள். கூட்டுத்தொகையைச் சரியாகப் போட்டுவிட்டு, அந்த எண்ணுக்கு யாரை அழைக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவார்கள்.

உங்களோடு தங்கியிருக்கும் தோழியைக் கட்டிலில் படுக்க வையுங்கள். ஒரு துண்டுத் தாளில் வேறு ஒரு பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி அவர் மணிக்கட்டில் கட்டிவிடுங்கள். தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் ஒரு முறை, சில நாள் வேண்டுமென்றே தேதியைத் தவறாகச் சொல்லும்படி அவரிடம் சொல்லி வைத்து, நீங்கள் அதைப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்த தேர்வுத் தேதி கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.